தவணையும் தள்ளுபடியும்

கொலை செய்தவன் ஒருவன் இருக்கிறான். அவனால் நாட்டுக்கு ஆக வேண்டிய காரியம் ஒன்றும் இருக்கிறது. அவனைப் பிடித்து நீதிமன்றத்தில் நிறுத்தினால் அக்காரியம் கெடும். விட்டுவிட்டாலோ இறந்தவனின் இரத்தம் கேட்பாரற்றுப் போகும். ஆட்சியாளர் என்ன செய்ய வேண்டும்? காவல் அதிகாரி என்ன செய்ய வேண்டும்?

மத்ரஸாவில் பாடம் முடிந்தபின் மாணவர்கள் எழுப்பும் மஸ்அலா போல் தோன்றும் இக்கேள்வி, எனக்கு ஓர் ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடரிலிருந்து கிடைத்தது. துப்பறியும் கதைகளில் எனக்கு நாட்டம் இருந்ததில்லை. கொன்றவன் யார் என்பதை ஒன்றரை மணி நேரம் மறைத்து வைத்துக் கடைசியில் சொல்வதில் என்ன பெருமை என்று நினைப்பவன் நான். என் மகன் வற்புறுத்தியதால்தான் ‘ஃபாயில்ஸ் வார்’ என்னும் அத்தொடரைப் பார்க்க உட்கார்ந்தேன். முதற்கதை முடிந்ததும் அடுத்ததைப் போடச் சொன்னவனும் நானே.

ஆன்டனி ஹோரோவிட்ஸ் என்னும் எழுத்தாளர் படைத்த தொடர் அது. பிரிட்டனின் ஐ.டி.வி. நிலையம் 2002 முதல் 2015 வரை, இடையிடையே விட்டுவிட்டு, 28 கதைகளாக ஒளிபரப்பிற்று. இங்கிலாந்தின் தென்கரையில், பிரான்சை நோக்கிக் கடல் பார்த்து நிற்கும் ஹேஸ்டிங்ஸ் நகரில் தலைமைத் துப்பறியும் அதிகாரியாக இருக்கிறார் கிறிஸ்டோபர் ஃபாயில். மனைவியை இழந்தவர்; மகன் விமானப் படையில் இருக்கிறான். அதிகம் பேசமாட்டார். மைக்கேல் கிச்சன் என்னும் நடிகர், புருவத்தை அசைத்தே பாதி வசனத்தைச் சொல்லிவிடுகிறார். அவருக்குக் காரோட்ட வருபவள் சமந்தா, ஒரு பாதிரியாரின் மகள். உதவி அதிகாரி மில்னர், நார்வேப் போரில் ஒரு காலை இழந்தவர்.

ஊர் முழுவதும் குண்டுக்கு அஞ்சி ஒடுங்கியிருக்கும் வேளையில் ஒரு கொலையைத் துருவிக்கொண்டிருப்பது வீண் வேலை அன்றோ? இக்கேள்வி ஃபாயிலுக்கே உண்டு. போர்ப்பணிக்குத் தம்மை மாற்றும்படி மேலிடத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார், மேலிடம் இசைவதில்லை. உண்மையில் அந்தப் போர் குற்றத்தைக் குறைக்கவில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் காவல்துறை பதிவு செய்த குற்றங்கள் 1939-ல் சுமார் 3 லட்சம். 1945-ல் அது ஏறக்குறைய 4 லட்சத்து 78 ஆயிரமாயிற்று. விளக்கணைத்த தெருவும் பங்கீட்டு அட்டையும் திருடர்களுக்குத் துணை நின்றன.

முதற்கதை 1940 மே மாதத்தில் நடக்கிறது. கொல்லப்பட்டவள் ஜெர்மானியப் பெண். ஓர் ஆங்கிலேயரின் மனைவி. கொன்றவன் பிடிபட்டதும் தன் பணி போருக்கு எத்துணை இன்றியமையாதது என்பதை எடுத்துரைக்கிறான். அவளோ பகைநாட்டவள், என்னைத் தூக்கிலிட்டால் யாருக்கு லாபம் என்பது அவன் வாதத்தின் சாரம். ஃபாயில் அதற்கு இணங்கவில்லை. அவளும் ஒரு மனித உயிர். அதை மறந்துவிட்டால் எதற்காகப் போரிடுகிறோமோ அதுவே இல்லாமற் போகும் என்பது அவர் நிலை. இங்கே நமக்கு ஐயம் எழவில்லை. அதிகாரி செய்தது சரியென்று தலையசைத்துவிட்டு எழுந்து போகலாம்.

ஆனால் சில கதைகள் கழித்து, அதே ஆண்டு செப்டம்பரில், அதே கேள்வி வேறு உருவில் திரும்பி வருகிறது. ஹோவர்ட் பெய்ஜ் என்னும் அமெரிக்கச் செல்வன் வருகிறான். நண்பன் ஒருவனின் கண்டுபிடிப்பைத் திருடிச் செல்வனானவன்; ஏமாற்றப்பட்ட அந்த நண்பன் பல்லாண்டுக்குப் பின் எதிரே வந்து நின்றபோது அவனைக் கொன்றவன். சான்றுகள் எல்லாம் ஃபாயிலின் கையில் இருக்கின்றன. ஆயினும் பிரிட்டனுக்கு அமெரிக்காவின் உதவியைப் பெற்றுத் தரும் முயற்சியில் பெய்ஜுக்குப் பங்குண்டு. அவனைத் தொடாதே என்று அரசு சொல்கிறது. ஃபாயில் அவனை விட்டுவிடுகிறார். விடும்போது, இந்தப் போர் என்றாவது முடியும், அப்போது உன்னைத் தேடி வருவேன் என்று சொல்லி அனுப்புகிறார்.

‘ஐம்பது கப்பல்கள்’ என்பது அக்கதையின் பெயர். 1940 செப்டம்பர் 2-ஆம் நாள் அமெரிக்கா தன்னிடமிருந்த பழைய நாசகாரிக் கப்பல்கள் 50-ஐ பிரிட்டனுக்கு அளிக்க ஒப்பியது வரலாறு. ஈடாகப் பிரிட்டன் தன் ஆதிக்கத்தில் இருந்த தீவுகளிலும் கரைகளிலும் தளம் அமைக்க 99 ஆண்டுக்கு இடம் கொடுத்தது. கப்பல்கள் முதல் உலகப்போர்க் காலத்து வார்ப்புகள். பல, பழுது பார்க்கப்பட்ட பின்பே கடலில் இறங்கின. ஆயினும் தனித்து நின்ற நாட்டுக்கு அவை வெறும் கப்பல்கள் மட்டும் அல்ல. துணைக்கு ஒருவன் வருகிறான் என்ற நம்பிக்கையும் கூட.

மே மாதத்தில் விடாதவர் செப்டம்பரில் விட்டது ஏன்? கொள்கை தளர்ந்துவிட்டதா? என் மகன் அப்படித்தான் சொன்னான். நான் அவ்வாறு எண்ணவில்லை. ஆனால் அதை அவனுக்கு விளக்க எனக்குச் சில நாட்கள் பிடித்தன.

நிர்ப்பந்தம் என்பது பொய்யான காரணம் அன்று. பசியால் சாகும் நிலையில் இருப்பவன் பிறருடைய உணவை எடுத்து உண்ணலாம் என்று சட்டம் ஆய்ந்தோர் கூறுவர். அத்தோடு அவர்கள் நிறுத்துவதில்லை. பிழைத்து எழுந்தபின் அவ்வுணவின் விலையை உரியவனுக்குக் கொடுத்தாக வேண்டும் என்பது அவர்களுள் பெரும்பாலோர் முடிவு. உஸ்மானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த ‘மஜல்லா’ என்னும் சட்டத் தொகுப்பும் இதை ஒரு விதியாகவே வைத்திருக்கிறது. நிர்ப்பந்தம் செயலின் குற்றத்தை நீக்கலாம். பிறன் உரிமையை அழிக்காது. விலை கடனாக நிற்கிறது. கடன்பட்டவன் நெருக்கடியில் இருந்தால் தவணை கொடுக்கிறோம். தவணை வேறு, தள்ளுபடி வேறு. கடையில் கணக்கெழுதும் சிறுவனுக்கும் இந்த வேறுபாடு தெரியும். அரசுகளுக்குத்தான் அடிக்கடி மறந்துபோகிறது.

ஃபாயில் பெய்ஜுக்குக் கொடுத்தது தவணை. கணக்கைக் கிழிக்கவில்லை, கொன்றவனின் முகத்துக்கு நேரே நின்று, பாக்கி இருக்கிறது என்று சொன்னார். ஆயினும் எனக்கு ஒரு நெருடல் உண்டு. கடனுக்குத் தவணை கொடுக்கும் உரிமை கடன் கொடுத்தவனுக்கே உரியது. இங்கே கடன் கொடுத்தவன் யார்? இறந்துபோன நண்பன், அவனுக்குப் பின் அவன் மக்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. தனக்குரியதை அரசு விட்டுக்கொடுக்கலாம். அடுத்தவனுக்குரியதை அவன் வாய்மூடிக் கிடக்கும் வேளையில் விட்டுக்கொடுக்க அதற்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது? 1940-ல் பிரிட்டன் வீழ்ந்திருந்தால் எந்த நீதிமன்றத்தில் எந்தக் கொலைக்கு நியாயம் கேட்டிருக்க முடியும் என்று திருப்பிக் கேட்கலாம். கேட்பது நியாயமே. அதற்கு என்னிடம் முழு விடை இல்லை. ஆகவேதான் ஃபாயில் சொல்லி அனுப்பிய அந்தச் சொல்லை நான் பெரிதாக மதிக்கிறேன். அது இல்லையேல் அவர் செய்ததை ஏற்க என்னால் இயலாது.

பின்னர்ப் போர் முடிகிறது. தொடரின் சிறந்த பகுதி இதற்குப் பிறகே தொடங்குகிறது என்பது என் கருத்து. வெற்றி வந்தும் விடிவு வரவில்லை. போர் நடந்த ஆறாண்டிலும் பங்கீடு செய்யப்படாத ரொட்டி, 1946 ஜூலையில் பங்கீட்டுக்கு வந்து இரண்டாண்டு அப்படியே இருந்தது. இது கற்பனை அன்று, நடந்தது. வென்ற நாட்டில் ரொட்டிக்கு வரிசை! நிர்ப்பந்தமும் அப்படித்தான். போரோடு அது ஒழியும் என்று எண்ணியிருந்தோர்க்கு, அது பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு வாசலில் நின்றது. நேற்றுவரை ஜெர்மனி காரணம். இன்று ரஷ்யா காரணம்.

ஒரு கதையில் பிரிட்டனில் இருக்கும் ரஷ்யக் கைதிகளை அவர்கள் நாட்டுக்கே திருப்பி அனுப்புகிறார்கள். 1945 பிப்ரவரியில் யால்டாவில் செய்த உடன்படிக்கையின் விளைவு அது. போனால் அழிவு என்று அவர்கள் கதறுவதைக் கேட்டும், நட்பு நாட்டுக்குக் கொடுத்த வாக்கு என்று அதிகாரிகள் கைகழுவுகிறார்கள். இன்னொரு கதையில் எதிரியின் படையில் சேர்ந்த ஆங்கிலேய இளைஞன் தூக்குமேடை நிழலில் நிற்கிறான். அக்கதை முடிந்ததும் ஃபாயில் அமெரிக்காவுக்குக் கப்பலேறுகிறார். பழைய பாக்கியை வசூலிக்கவே போனார் என்பது பின்னர் விளங்குகிறது. ஐந்தாண்டு கழிந்தும் கணக்கு அவர் மனத்தில் அழியாமல் இருந்திருக்கிறது.

2013-ல் வெளிவந்த கதைகளில் ஃபாயில் லண்டனில் எம்.ஐ.5 என்னும் உளவுத்துறையில் பணியாற்றுகிறார். அவற்றுள் ‘சூரியகாந்தி’ என்னும் கதையைத்தான் நான் இரண்டு முறை பார்த்தேன். பேராசிரியர் என்ற வேடத்தில் ஒருவன் லண்டனில் நிம்மதியாக வாழ்கிறான். உண்மையில் அவன் நாஜி அதிகாரி. ரஷ்யர்களைப் பற்றி அவன் அறிந்தவை எம்.ஐ.5-க்குத் தேவை, ஆகவே அவனுக்குப் பாதுகாப்பு. பாதுகாக்கும் பொறுப்பு யாருக்கு வருகிறது? ஃபாயிலுக்கே வருகிறது! பிரான்சில் சரணடைந்த அமெரிக்க வீரர்களைக் கொன்றவன் அவன் என்பது துருவத் துருவத் தெரிகிறது. ஃபாயில் மேலதிகாரிகளிடம் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. உண்மை அமெரிக்கர் காதுக்கு எட்டும் வழியைப் பார்க்கிறார்; அவர்கள் வந்து அவனைக் கொண்டுபோகிறார்கள்.

இங்கே மாணவன் ஒருவன் எழுந்து, உஸ்தாத், அவர் ஏற்றுக்கொண்ட பணி அமானிதம் அல்லவா, அதற்கு அவர் மோசம் செய்யவில்லையா என்று கேட்டால் என்ன சொல்வேன்? பணியை உதறிவிட்டு வெளியே வந்து உரக்கச் சொல்லியிருக்கலாம் என்பேன். உள்ளே இருந்துகொண்டே காரியத்தைத் திருப்பிவிட்டதில் ஒரு குறை இருக்கிறது என்றும் ஒப்புக்கொள்வேன். ஆனால் கொலையை மறைத்துவை என்பதை அமானிதம் என்று பெயரிட்டு ஒருவர் கையில் கொடுக்க முடியுமா? திருடிய பொருளை உன்னிடம் வைத்திரு என்று கொடுப்பவனுக்கு அதைத் திரும்பக் கேட்கும் உரிமை உண்டா? அந்த மாணவனிடம் நான் இதைத்தான் கேட்பேன்.

தொலைக்காட்சிக் கதை இது, உண்மையில் அப்படி நடக்குமா என்று எண்ணுவோர் கிளவுஸ் பார்பியின் வரலாற்றைப் படிக்க வேண்டும். பிரான்சின் லியோன் நகரில் கெஸ்டபோ என்னும் நாஜி ரகசியப் போலீசின் தலைவனாக இருந்தவன் அவன். 1944 ஏப்ரலில், இஸியூ என்னும் சிற்றூரில் ஒரு வீட்டில் மறைத்து வளர்க்கப்பட்ட யூதக் குழந்தைகள் 44 பேரையும், அவர்களைப் பேணிய பெரியவர்கள் 7 பேரையும் அவன் ஆணைப்படி பிடித்துக்கொண்டு போனார்கள். குழந்தைகளில் ஒருவரும் திரும்பவில்லை. போர் முடிந்தபின், 1947-ல், அமெரிக்கப் படையின் உளவுப் பிரிவு இவனைச் சம்பளத்துக்கு அமர்த்திக்கொண்டது. காரணம் அதேதான்: ரஷ்யா. பிரான்ஸ் அவனைக் கேட்டது, கொடுக்கவில்லை. 1951-ல் வேறு பெயரில், குடும்பத்தோடு, தென் அமெரிக்காவின் பொலிவியாவுக்கு அனுப்பி வைத்தார்கள். அங்கே அவன் வணிகனாக முப்பதாண்டுக்கு மேல் வாழ்ந்தான்.

பெய்ஜுக்கு ஃபாயில் சொன்ன சொல்லை இங்கே யாரும் சொல்லவில்லை. கடன்காரனுக்குத் தவணை கொடுக்கவில்லை. அவனை ஒளித்துவைத்துக் கணக்குப் புத்தகத்தையும் பூட்டிவைத்தார்கள். 1983-ல் பார்பி பிரான்சுக்குக் கொண்டுவரப்பட்ட பின்பு, அதே ஆண்டில் அமெரிக்க அரசு விசாரணை நடத்தி, தான் செய்ததை ஒப்புக்கொண்டு பிரான்சிடம் வருத்தம் தெரிவித்தது. அவ்வளவில் அது பாராட்டத்தக்கதே.

ஆனால் தாமதம் தன் கூலியை எடுத்துக்கொண்டுவிட்டது. பிரெஞ்சுச் சட்டப்படி போர்க்குற்றங்களுக்கு இருபதாண்டுக் காலவரம்பு. அது எப்போதோ கடந்துவிட்டிருந்தது. காலவரம்பு அற்றவை மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்கள் மட்டுமே. ஆகவே, எதிர்ப்பியக்கத் தலைவர் ழான் மூலானை அவன் வதைத்தது குற்றப்பத்திரிகையில் இடம்பெறவில்லை. அந்த ஒரு கொடுமைக்காகவே பிரான்ஸ் முழுவதும் அவன் பெயரை அறிந்திருந்தது. இருந்தும் அந்தக் கடன் காலாவதியாகிவிட்டது. பிறர் செய்த தாமதத்துக்கு இறந்தவர் வட்டி கட்டினார்.

இஸியூக் குழந்தைகளுள் இருவரின் தாய் ஒருவர் உயிரோடு இருந்தார். கணவரையும் மூத்த மகனையும்கூட அந்தப் போரில் பறிகொடுத்தவர். பொலிவியாவில் இருப்பவன் பார்பிதான் என்பது வெளிப்பட்டதும், 1972-ல் அந்த மூதாட்டி பியேட் கிளார்ஸ்ஃபெல்டு என்னும் பெண்மணியோடு கடல் கடந்து தலைநகர் லா பாஸுக்குப் போனார். அவன் அலுவலகத்துக்கு எதிரே, தெருவில் கிடந்த பெஞ்சில் இருவரும் தம்மைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டு, கையில் அட்டை பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். யாரிடமும் கேளாமல் விட்டுக்கொடுக்கப்பட்ட கடனுக்கு உரியவர், தம் கணக்கைத் தாமே எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

வழக்கு 1987 மே மாதம் லியோன் நகரில் தொடங்கிற்று. அவரும் வந்து சாட்சி சொன்னார். ஜூலையில் பார்பிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது; நான்காண்டு கழித்துச் சிறையில் இறந்தான். விசாரணையின் பெரும்பகுதியில் குற்றவாளிக் கூண்டு காலியாகவே இருந்தது. அவன் வர மறுத்துவிட்டான்.