இளமைக் குணமும் உயிரின் சார்பும்

திருமயிலையிற் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் அறுபத்துமூவர் திருவுலா நிகழ்வது அன்பர் பலரும் அறிந்ததே. மாடவீதியில் எழுந்தருளும் அடியார் கூட்டத்துட் கண்ணப்ப நாயனாரைக் கண்டு கைகூப்பும் பெற்றோருட் சிலர், அருகில் நிற்குந் தம் மகனைச் சுட்டி, 'இவன் முரடன்; பிறவிக்குணம் போகாது' என்று நொந்துகொள்கின்றனர். அக்கூற்றுச் சித்தாந்தத்திற்கு ஒக்குமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

திண்ணனாரது பிள்ளைமைச் செயலொன்றைப் பெரியபுராணங் காட்டுகின்றது. வேட்டைக்குப் பயன்படும் பார்வைப் புலியின் வாயைக் குகையென்றெண்ணி அக்குழந்தை கைநீட்டிற்று. தந்தை நாகன் அது கண்டு தழையை ஓங்கக் குழந்தையின் கண்களில் நீர் ததும்பிற்று. தாய் முத்தமிட்டுத் தேற்றினாள். புலிவாய்க்கு அஞ்சாத பிள்ளை தந்தையின் சினத்திற்குக் கலங்கிற்று என்பதை நோக்குக. பின்னர்த் திருக்காளத்தியில், இறைவன் கண்ணிற் குருதி பெருகக் கண்டு ஆறாது துடித்ததும் அந்நெஞ்சே. அம்பினால் தம் கண்ணை அகழ்ந்து அப்பியதும் அஞ்சாத அக்கையே. இளமையிற் கண்ட இரு குணங்களும் இறுதிவரை நின்றன.

பெருங்காயம் ஒழிந்த பாண்டத்தும் அதன் மணம் நிற்றல்போல, முன்னைப் பிறவிகளிற் பழகிய வாசனை உயிரைத் தொடர்ந்து வருதலின், குணம் எளிதில் மாயாது.

அற்றேல், உபதேசமுந் தீக்கையும் பயனிலவாமே எனின், அன்று. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பிற்று. வேடரிடை வளர்ந்து தன்னை மறந்த அரசகுமரன்போல ஐம்புல வேடரிடை அயர்ந்த உயிருக்கு, முதல்வனே குருவாய் வந்து உண்மை உணர்த்துவனெனச் சிவஞானபோதத்தின் எட்டாஞ் சூத்திரம் விளக்கும். தன்னை யுணர்ந்த அக்குமரன் காட்டிற் பயின்ற வில்வன்மையை இழக்கவேண்டுவதில்லை. எதன்பொருட்டு வில்லெடுப்பதென்பதே மாறும். திண்ணனாரது அஞ்சாமையும் விலங்கைச் சார்ந்தபொழுது கொலையாயிற்று. இறைவனைச் சார்ந்தபொழுது அன்பாயிற்று.

ஆதலின், 'இஃது என் இயல்பு. யான் என்செய்வேன்' என்று முதுமையினுந் தம் சினத்திற்குச் சாக்குரைப்பார்க்குச் சித்தாந்தம் இடந்தாராது. குணம் வினைவழி வந்ததேனுஞ் சார்பைத் தேர்தல் நம் கடனாம். அடியார் கூட்டத்தையும் ஆலயத்தையுஞ் சாருமாறு நம் நூல்கள் வற்புறுத்துவது இதுபற்றியே. பெற்றோர் செய்யத்தக்கதும் மகனை முரடனென்று முடிவுகட்டுதலன்று. அவனைத் தோளில் ஏற்றிக் கண்ணப்பரைக் காட்டுக. புலிவாயில் நீண்ட கையே பெருமானுக்குக் கண்ணளித்த கையென்று சொல்லுக.