மரமும் இரும்பும்

பழையதன் இடத்தில் புதியதை வைக்கும்போது, அவ்விரண்டும் பொருந்தாவிடில் விட்டுக்கொடுக்க வேண்டியது எது? இவ்வினா மேடைகளில் பலமுறை எழுப்பப்பட்டதுதான். எனக்கோ நான்கு சென்டிமீட்டர் நீளமே உள்ள ஓர் இரும்புத் துண்டுதான் அதன் பொருளை உணர்த்தியது.

என் தம்பியின் மின்கித்தார் அது. 1980களின் பிற்பகுதியில், ராக் இசை மலேசிய இளைஞர் உள்ளங்களைக் கவர்ந்திருந்த நாளில் வாங்கியது. அவன் மறைந்தபின் உறைக்குள்ளேயே கிடந்த அதனை, அவன் மகன் வாசிக்க விரும்பி வெளியே எடுத்தான்.

கித்தாரின் கழுத்தும் தலையும் கூடுமிடத்தில் நரம்புகளைத் தாங்கி நிற்கும் சிறு துண்டை ‘நட்’ என்பர். நெம்புகோலை அழுத்தி நரம்புகளைத் தளர்த்தி வாசிக்கும்போது, அவை இத்துண்டின்மீது வழுக்கிச் சென்று, பழைய நிலைக்கு மீளாமல் சுருதி கலையும். இக்குறையை நீக்க, அமெரிக்கரான பிளாய்ட் ரோஸ் 1970களில் பூட்டும் நட்டைக் கொண்ட ஓர் அமைப்பை உருவாக்கினார்; 1979இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். மூன்று சிறு கட்டைகள், ஒவ்வொன்றும் இரண்டு நரம்புகளாக, ஆறு நரம்புகளையும் இறுகப் பிடித்துக்கொள்ளும். அதன்பின் தலையிலுள்ள முறுக்காணியைத் திருகிப் பயனில்லை. குதிரையிலுள்ள நுண்திருகுகளே சுருதியைத் திருத்தும்.

தம்பியின் கித்தாரில் அளவுக்கு மீறி இறுக்கியதால் திருகுபுரி தேய்ந்து, பூட்டு பிடிப்பை இழந்திருந்தது. புதிய நட் ஒன்றை வாங்கி வந்தோம். அகலம் பொருந்தியது, உயரமோ சற்றே மிகுந்திருந்தது. நட் உயர்ந்தால் முதல் மெட்டுகளில் நரம்பை அழுத்துவது கடினம். அழுத்தினாலும் சுருதி ஏறி ஒலிக்கும். தாழ்ந்தாலோ நரம்பு மெட்டில் உரசி அதிரும்.

தீபாவளிக்கு நான்கு நாள்களே இருந்தன. “அடியிலுள்ள மரத்தைச் சிறிது தேய்த்துவிடுவோம்” என்று கூறி அரத்தைக் கையில் எடுத்தவன் நானே.

“வேண்டாம் பெரியப்பா. இரும்பு வேறு வாங்கலாம், அப்பாவின் மரம் வேறு கிடைக்காது” என்றான் அவன்.

நான் நாணினேன். தம்பியின் நினைவைப் போற்றுவதாக எண்ணியிருந்த நான், நான்கு நாள் அவசரத்திற்காக அவன் விட்டுச் சென்றதை அறுக்கத் துணிந்தேன்!

அப்படியாயின், எதனையும் வெட்டலாகாது என்பதா நீதி? அன்று. மரத்தை வெட்டாமல் கித்தார் பிறந்ததில்லை. முதன்முதலில் நட்டைப் பொருத்தியவரும் துளையிட்டே பொருத்தினார். திரும்பப் பெற இயலாத செயல்கள் வாழ்வில் தவிர்க்க முடியாதவை. ஆனால் திருத்திக்கொள்ளக்கூடிய வழிகள் எல்லாம் தீர்ந்த பின்னரே அவற்றை நாட வேண்டும். அவற்றின் விளைவோடு வாழப் போகிறவனின் இசைவும் வேண்டும். என் அவசரத்தில் இவ்விரண்டும் இல்லை.

தீபாவளி கித்தார் இசையின்றியே கழிந்தது. பின்னர் வேறொரு நட் கிடைத்தது. அது சற்றே தாழ்ந்திருந்தது. அதனால் தீங்கில்லை, அடியில் மெல்லிய உலோகத் தகட்டை இட்டு உயர்த்தினோம். பழைய துளைகளிலேயே திருகாணிகள் பொருந்தின. நாளை தகடு வேண்டாவிடில் எடுத்துவிடலாம். தேய்த்த மரத்தை அவ்வாறு மீட்க இயலுமா?

ஒரு வீட்டிற்கு மருமகள் வருகிறாள். ஒரு சங்கத்திற்குப் புதிய செயலாளர் வருகிறார். அங்கும் இடைவெளிகள் தோன்றவே செய்யும். தகடிட்டு நிரப்பக்கூடிய இடைவெளிக்கு அரத்தை எடுப்போர் நம்மிடையே எத்தனை பேர்! மரபைக் காப்பதாகச் சொல்லி மருமகளைத் தேய்ப்பதும், புதுமையின் பெயரால் சங்கத்தின் பழைய நெறிகளை அறுப்பதும் ஒரே அவசரத்தின் இரு முகங்களே.

தம்பி இறுக்கித் தேய்த்த அந்தப் பழைய நட்டையும் நாங்கள் எறியவில்லை. கித்தார் உறையின் பையில் அது இருக்கிறது. கித்தாரோ உறைக்குள் இல்லை. தம்பி மகன் அதனை நாள்தோறும் வாசிக்கிறான்.