முழு வருகைப் பரிசு

பங்குத்தந்தைக்குப் பள்ளித் தாளாளர் பொறுப்பும் பெரும்பாலும் உடன் வந்து சேர்ந்துவிடுகிறது. காவிரிப் படுகையில் உள்ள எங்கள் சிற்றூரின் நடுநிலைப் பள்ளியும் அவ்வாறே என்னிடம் வந்தது. காலைத் திருப்பலி முடித்து நான் வெளியே வரும்போது பிள்ளைகள் உணவுக்காக வரிசையில் அமர்ந்திருப்பர். 2024 ஜூலை 15 அன்று ஊரக உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்ட காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு உரியது. ஆகவே ஏழாம் வகுப்பு அக்காமார் தம்பி தங்கையரை அமர்த்திவிட்டுச் சற்று ஒதுங்கி நிற்பர். பிறகு மணி, வழிபாடு, தமிழ்த்தாய் வாழ்த்து, வருகைப் பதிவு.

மார்ச்சில் ஆண்டுவிழா நடந்தது. ஒலிபெருக்கி எந்த ஆண்டும் ஆண்டறிக்கை வாசிக்கும்போதுதான் பழுதாகும். அதை இறைவனின் இரக்கமாகவே பெற்றோர் கருதுவதாகக் கேள்வி. இறுதியில் பரிசளிப்பு. ஒரு நாளும் தவறாமல் பள்ளிக்கு வந்ததற்காக ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு எவர்சில்வர் தட்டு வழங்கினேன். அவன் வீடு பள்ளிச் சுவரை ஒட்டியது. அதே வகுப்பு மாணவி ஒருத்தி மேடையோரத்தில் சிறு பிள்ளைகளின் தலையில் பூச்சூட்டிக்கொண்டே கைதட்டினாள். அவள் அந்த ஆண்டில் 38 நாள் வரவில்லை. தாய் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் நாள்களில், ஒன்றரை வயதுத் தம்பியை அவள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வருகை ஓர் அறமா, அல்லது வாய்ப்பா? இந்த வினா அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை. குருமடத்தில் புனித தோமா அக்குவினாரைப் பயின்றபோது, பரிமாற்று நீதி கொடுத்ததற்கு ஈடு செய்வது என்றும், பகிர்வு நீதி பொதுவில் உள்ளதை அவரவர்க்குரிய விகிதத்தில் பங்கிடுவது என்றும் தடையின்றி ஒப்புவித்தோம். விகிதத்தை எதனால் அளப்பது என்பதே தொல்லை. நாள்களால் அளந்தால் அவன் முதல்வன். சுமையால் அளந்தால்?

தலைமையாசிரியையான அருட்சகோதரி இதற்கு உடன்படவில்லை. "மழையில் நனைந்து வந்த நாள்கள் அவனுக்கும் உண்டு, ஃபாதர். அவனுடைய பரிசைச் சிறுமைப்படுத்தலாமா?" என்றார். அவர் சொன்னது சரியே. மத்தேயு 20ஆம் அதிகாரத்துத் தோட்டக்காரர் முதலில் வந்தவர்களின் தெனாரியத்தைக் குறைக்கவில்லை. அந்தப் பெண்ணையும் மேடைக்கு அழைத்து ஒரு தட்டுக் கொடுத்திருக்கலாம் என்றும் தோன்றியது. ஆனால், அவள் வீட்டு வறுமையை ஒலிபெருக்கியில் அறிவிப்பதாக அது முடிந்திருக்கும்.

அந்த உவமையில் நாம் கூலியைப் பற்றியே மறையுரை ஆற்றிவருகிறோம். தோட்டக்காரர் ஐந்து முறை வெளியே போனார் என்பதையும், மாலையில் நின்றவர்களிடம் காரணம் கேட்டார் என்பதையும் விரைந்து கடந்துவிடுகிறோம். அவர்கள் சோம்பேறிகள் அல்லர். எவரும் அவர்களை வேலைக்கு அழைக்கவில்லை.

ஆகவே, வரும் ஆண்டு தொடர்ந்து மூன்று நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு வகுப்பாசிரியர் சென்று விசாரிக்கலாமே என்று ஆசிரியர் கூட்டத்தில் சொன்னேன். சற்றுப் பெருமையோடு சொன்னேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பெண்ணின் வகுப்பாசிரியை எழுந்து, "நான் இரண்டு தடவை போனேன், ஃபாதர். இடுப்பில் குழந்தையோடு எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள். குழந்தையை யார் பார்ப்பது என்று அவள் அம்மா கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் வந்துவிட்டேன்" என்றார். கூட்டத்தில் எவரும் பேசவில்லை.

தோட்டக்காரர் கேட்டதோடு நிற்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரை கட்டாயக் கல்வி என்கிறது. அவளுக்கு வயது பன்னிரண்டு. இரண்டு வயது நிறையாத தம்பிக்கு அங்கன்வாடியில் இடமில்லை. இரண்டுக்கும் இடையில் அவள் நிற்கிறாள்.

கோவிலை ஒட்டிய மறைக்கல்வி அறை ஞாயிறு தவிர ஆறு நாளும் பூட்டியே கிடக்கிறது, மின்விசிறியும் உண்டு. மரியாயின் சேனையில் முதியவர்களான தாய்மார் நால்வர், பிள்ளை வளர்த்துக் கை பழகியவர்கள். அவர்களிடம் இன்னும் பேசவில்லை. ஜூனில் குறுவை நடவு தொடங்கிவிடும்; பள்ளியும் அப்போதுதான் திறக்கும்.