டியூப் லைட்டில் எழுதிய பெயர்

எங்க ஊர்க் கோயில்களில் டியூப் லைட்டைக் கவனித்திருப்பீர்கள். சிவப்பு பெயிண்டில் உபயதாரர் பெயர், அவர் அப்பா பெயர், கடைப் பெயர், ஊர் எல்லாம் எழுதினது போக மிச்ச இடத்தில்தான் வெளிச்சம் வரும். திருவதிகையில் வளர்ந்த எனக்கு இது ரொம்ப நாள் கேலிப்பொருளாகத்தான் இருந்தது. நானே மேடையேறி ஒரு கேடயம் வாங்கும் வரை.

ஆறு வருஷம் இருக்கும். அப்போது வேலை பார்த்த கம்பெனியில் பணப் பரிமாற்ற மென்பொருளில் ஒரு பிழை, வாரக்கணக்காக எங்களைப் படுத்தியெடுத்தது. அதைக் கண்டுபிடித்தது என் டீமில் புதிதாகச் சேர்ந்த பையன். ராத்திரி ரெண்டு மணிக்கு லாக் ஃபைல்களுக்குள் தலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் அவன். நான் அதை அழகாக விளக்கி ஸ்லைடு போட்டேன். ஆண்டு விழாவில் விருது எனக்கு. மைக்கைக் கையில் கொடுத்தார்கள். “டீம் எஃபர்ட்” என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். கிட் ஹிஸ்டரியில் அவன் பெயர் பத்திரமாக இருக்கிறது. அதை யார் திறந்து பார்க்கப் போகிறார்கள்?

அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அரங்கத்துக்கு டிரிபிள் ஹீலிக்ஸ் ஆடிட்டோரியம் என்று பெயர். ஆளின் பெயரை வைக்காமல் கண்டுபிடிப்பின் பெயரை வைத்திருக்கிறார்கள். தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதம், மூன்று இழை முறுக்கிய கயிறு போன்றது. 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்கு வந்த ஜி. என். ராமச்சந்திரன், அங்கே வந்திருந்த பெர்னல் என்ற விஞ்ஞானி தூண்டிவிட்டதால் இந்தப் புதிருக்குள் இறங்கினார். ஆராய்வதற்குக் கங்காரு வால் தசைநாணைக் கொடுத்தது இதே தோல் ஆய்வகம். 1954இல் நேச்சர் இதழில் வந்த கட்டுரையில் இரண்டு பெயர்கள் இருந்தன: ராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தா.

கர்த்தாவை எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கும் தெரியாது, தேடிப் படிக்கும் வரை.

1963இல் வந்த இன்னொரு கட்டுரையில் மூன்று பெயர்கள்: ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன். ஒரு புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம், எங்கே திரும்பினால் அணுக்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் என்பதைக் காட்டும் வரைபடம் அதில்தான் வந்தது. உலகம் அதற்கு ராமச்சந்திரன் வரைபடம் என்று பெயர் வைத்துவிட்டது. உருவாக்கியவர்களுக்கு 2024இல் வேதியியல் நோபல் வாங்கித் தந்த ஆல்ஃபாஃபோல்ட் கணிக்கும் புரத வடிவங்களைக்கூட இன்றும் அந்த வரைபடத்தில் வைத்துச் சரிபார்க்கிறார்கள். மற்ற இரண்டு பேரின் பெயரும் சொல்ல வாய்க்கு நீளம், அவ்வளவுதான்.

கௌரவிப்பது என்றால் என்ன? கடனைத் திருப்பித் தருவது என்று வைத்துக்கொண்டால் பைசா சுத்தமாகக் கணக்குப் பார்க்க வேண்டும். தசைநாணை எடுத்துக் கொடுத்தவர், எக்ஸ்ரே கருவியைப் பழுது பார்த்தவர் வரை எல்லோருக்கும் பங்கு உண்டு. எந்த ஆய்வகத்தாலும் அது முடியாது. அடுத்து வரும் பிள்ளைகளுக்கு ஒரு முகத்தைக் காட்டி ‘நீயும் ஆகலாம்’ என்று சொல்வதுதான் நோக்கம் என்றால் ஒரு பெயரே போதும். நம்முடைய விழாக்கள் செய்வது இரண்டாவதை. பொன்னாடை போர்த்தும்போது பேசுவது மட்டும் முதலாவதன் பாஷையில். பெயர் விடுபட்டவனுக்கு அங்கேதான் வலிக்கிறது.

ராமச்சந்திரன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் கைக்கு எட்டிய இடத்தில், கட்டுரையின் தலைப்புக்குக் கீழே, மூன்று பெயர்களும் இருக்கின்றன. சுருக்கியது உலகம். ஜேபெக் படம் மாதிரி, சின்னதாக்கினால்தான் ஊர் ஊராகப் போய்ச் சேரும். என் விஷயத்தில் உலகத்துக்கு அந்த வேலையே வைக்கவில்லை நான். மைக் என் கையில் இருந்தது.

போன பொங்கலுக்கு வீரட்டானேஸ்வரர் கோயிலுக்குப் போயிருந்தேன். சமணத்துக்குப் போன மருள்நீக்கியார் சூலை நோயோடு திரும்பி வந்த இடம் இது. திருநீறு கொடுத்து உள்ளே கூட்டிக்கொண்டு போனவர் அக்கா திலகவதியார். அதற்கு முன் எத்தனையோ காலம் அந்தக் கோயிலைக் கூட்டி, மெழுகி, பூத்தொடுத்துக் கொண்டிருந்தவரும் அவர்தான். தம்பி பாடிப் பாடி நாவுக்கரசர் ஆனார், அப்பர் ஆனார், அறுபத்து மூவரில் ஒருவர் ஆனார். அந்தப் பட்டியலில் அக்கா இல்லை. ஆனால் கோயிலில் அவருக்குச் சந்நிதி உண்டு. தம்பியின் கதையைச் சொல்லவந்த சேக்கிழாரும் அக்காவை விட்டுவிடவில்லை. பட்டியல் விட்டதை ஊரும் ஒரு புலவரும் பிடித்து வைத்திருக்கிறார்கள். பட்டியல் போடுகிறவர்களைத் திட்டுவதில் எனக்கு இப்போது பழைய ஆர்வம் இல்லை.

அந்தச் சந்நிதிக்கு முன்னால் ஒரு டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. அதில் யார் பெயரோ. இந்த முறை சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்து அந்தப் பையனுக்கு மெசேஜ் போட்டேன். இப்போது அவனே ஒரு டீமுக்கு லீட். “அந்த பக்கைக் கண்டுபிடிச்சது நீதான்னு மேடையில சொல்லியிருக்கணும். சொல்லல. மன்னிச்சிடு. ஞாபகம் இருக்கா?” என்று கேட்டிருந்தேன்.

மறுநாள் பதில் வந்தது. “இருக்குண்ணா. அன்னைக்கு மூணாவது வரிசையிலதான் உட்கார்ந்திருந்தேன்.”