பேசிவிடுவான்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் வந்து கலக்கின்ற திருமுக்கூடலில், பெருமாள் கோயிலின் சுவரில் நீண்டதொரு கல்வெட்டு உண்டு. வீரராசேந்திர சோழனின் காலத்தில், 11-ஆம் நூற்றாண்டில் பொறிக்கப்பட்டது. 'வீரசோழன்' என்னும் பெயருடைய ஆதுலர்சாலை ஒன்றினைப் பற்றி அது பேசுகின்றது. 15 படுக்கைகள், ஒரு மருத்துவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்கள், இவர்களுக்குரிய ஊதியம், இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளின் பெயர்கள். இவ்வளவும் கல்லில் உள்ளன. நோயுற்றவனுக்கு நல்ல சொல் மட்டும் போதாது, கட்டிலும் மருந்தும் ஆளும் வேண்டும் என்பதை அந்நாளைய மக்கள் கணக்கெழுதி வைத்துச் சென்றனர். அக்கல்வெட்டின் அருகே பலமுறை நின்றிருக்கின்றோம். அதே ஊரில்தான், ஒரு குழந்தையின் பொருட்டு, நல்ல சொல்லை மட்டும் கொடுத்துவிட்டு வந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன், மாலைத் திருப்பலி முடிந்த வேளையில், கூலிக்குப் பட்டு நெய்யும் குடும்பத்துத் தாய் ஒருவர் தம் மகனை இடுப்பில் சுமந்து நம்மிடம் வந்தார். சிறுவனுக்கு வயது இரண்டரை. 'அம்மா' என்றுகூட இன்னும் அழைக்கவில்லை. பாட்டி வசம்பைச் சுட்டு நாவில் தடவியிருந்தார். பதுவை நகரில் புனித அந்தோணியாரின் நாவு இன்றும் போற்றிக் காக்கப்படுகின்றது அல்லவா? ஆகவே அவருக்கு ஒன்பது செவ்வாய்க்கிழமைகளும் நேர்ந்திருந்தனர். நாமும் சிறுவனின் தலையில் கைவைத்துச் செபித்தோம். பிறகு, "பேசிவிடுவான் அம்மா, ஆண்பிள்ளை கொஞ்சம் மெதுவாகத்தான் பேசுவான்" என்றோம். அத்துடன் நில்லாமல், புனித தோமா அக்வினாரை உடன்பயின்ற மாணவர்கள் 'ஊமை எருது' என்று கேலி செய்த கதையையும், அந்த எருதின் குரலை உலகமே கேட்கும் என்று அவருடைய ஆசிரியர் பெரிய ஆல்பர்ட் சொன்னதையும் எடுத்துரைத்தோம். தாயின் முகம் மலர்ந்தது. நமக்கும் நிறைவாக இருந்தது.

காது கேட்கிறதா என்று கேட்காமல் இல்லை. "கேக்கும் சாமி, தறி அடிச்சா திரும்பிப் பாப்பான்" என்றார் அவர். குழித்தறியின் அதிர்வு மண்தரை வழியாகச் சிறுவனின் உள்ளங்காலுக்கு ஏறியது என்பதை அவரும் அறியவில்லை, நாமும் அறியவில்லை. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சென்றபின் அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர் ஐயுற்று, அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார். பிறவியிலேயே இரு செவிகளிலும் கடுமையான கேட்புக் குறைவு என்று தெரிந்தது.

அன்று நாம் சொன்னது பொய்யா? அவன் பேசமாட்டான் என்று தெரிந்தும் பேசுவான் என்று சொல்லவில்லை. ஆதலால் குருமடத்தில் நாம் படித்த இலக்கணப்படி அது பொய் ஆகாது. ஆயினும் நாம் அறியாத ஒன்றை அறிந்தவரைப் போலச் சொன்னோம். அதற்கு என்ன பெயர் இடுவது என்பதே நம்மை நெடுநாள் உறுத்திய வினா.

இக்காரணத்தால், குழந்தைகளின் பேச்சுத் தாமதத்தைப் பற்றி ஆய்வாளர்கள் கண்டவற்றைத் தேடிப் படிக்கலானோம். மேற்கு ஆஸ்திரேலியாவில், இரண்டு வயதுக் குழந்தைகள் 1,766 பேரைப் பற்றிய ஆய்வு 2007-இல் வெளிவந்தது. அவர்களுள் 13.4 விழுக்காட்டினர் தாமதமாகப் பேசுவோராய் இருந்தனர். ஆண்குழந்தைகளுக்கு அந்த வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு மிகுதி. இப்படித் தாமதிக்கும் குழந்தைகளுள் பெரும்பகுதியினர் பள்ளி செல்லும் வயதுக்குள் மற்றவரை எட்டிப்பிடித்து விடுகின்றனர் என்பதும் பல ஆய்வுகளின் முடிவு. அப்படியானால் பாட்டி சொன்னதும் நாம் சொன்னதும் பாதி சரி. ஆனால் எட்டிப்பிடிக்கப் போகின்றவன் யார், பின்தங்கப் போகின்றவன் யார் என்பதை இரண்டு வயதில் உறுதியாகப் பிரித்தறிய எவராலும் இயலவில்லை. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நடந்து 1997-இல் வெளியான ஆய்வில், ஐந்து வயதையொட்டிய பிள்ளைகளுள் 7 விழுக்காட்டினருக்கு, செவியிலும் பொது அறிவிலும் குறையின்றியே மொழியில் குறை இருக்கக் கண்டனர். அப்பெற்றோருள் பத்துக்கு மூவருக்கே அதுபற்றி எவரேனும் முன்னர்ச் சொல்லியிருந்தனர்.

நம் ஊர்களில் பேச்சுத் தாமதத்துக்குச் சாட்சி சொல்ல யாரை அழைக்கின்றோம்? நான்கு வயதில் வாய்திறந்து பின்னாளில் ஆசிரியரான சித்தப்பாவை அழைக்கின்றோம். மாமேதை ஐன்ஸ்டைனை அழைக்கின்றோம். எல்லாரும் பேசிவிட்டவர்கள்! பேசாமலே வளர்ந்து, தறியின் ஓரத்திலும் அடுப்படியிலும் வாழ்நாளைக் கழித்தவர்களை எவரும் சாட்சிக்கு அழைப்பதில்லை. அவர்களும் அதே ஊரில், அதே "பேசிவிடுவான்" என்ற சொல்லைப் பெற்று வளர்ந்தவர்களே.

காத்திருக்கலாம்; ஆனால் செவியைச் சோதிக்காமல் காத்திருக்கலாகாது. கொலராடோ மாநிலத்தில் கேட்புக் குறைவுள்ள குழந்தைகள் 150 பேரை ஆராய்ந்து 1998-இல் வெளியிட்டனர். ஆறு மாதத்துக்குள் குறை கண்டறியப்பட்டு உதவி பெற்றவர்களின் மொழி, அதன்பின் கண்டறியப்பட்டவர்களின் மொழியைவிடத் தெளிவாக மேம்பட்டிருந்தது. வாய்மொழியால் வளர்த்தாலும் சைகையோடு வளர்த்தாலும் இவ்வேறுபாடு நின்றது. பச்சிளங் குழந்தை உறங்கும்போதே சிறு கருவியைக் காதில் வைத்துச் சில நிமிடங்களில் முதற்சோதனையைச் செய்துவிடலாம். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டத்தின்கீழ் மருத்துவக் குழுவினர் ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வருகின்றனர். அவர்கள் பார்க்கவேண்டிய 30 குறைகளுள் பிறவிக் கேளாமையும் மொழித் தாமதமும் உண்டு. ஆறு வயதுக்குட்பட்டோருக்கு உட்செவிக் கருவி பொருத்தும் அறுவைக்கு மாநில அரசின் காப்பீடு உதவுகின்றது. எல்லாவற்றிலும் வயதே கணக்கு. நாம் அத்தாய்க்கு அளித்த நிம்மதிக்கு அச்சிறுவன் இரண்டு ஆண்டுகளை விலையாகத் தந்தான்.

இங்கே நம்மைப் போன்ற குருக்களுக்கு மட்டும் ஒரு சொல். அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணக்க விரும்புவோருக்காக, இரத்த உறவுத் தடையினின்று விலக்கு வேண்டி ஆயரகத்துக்கு எத்தனை விண்ணப்பங்களை நிரப்பியிருக்கின்றோம்! அத்தகைய திருமணங்களில் பிறவிக் கேளாமைக்கு வாய்ப்பு மிகுதி என்பது மருத்துவ உலகம் நன்கறிந்தது. அவ்விண்ணப்பத்தில் காரணம் எழுத இடமுண்டு. குடும்பத்தில் காது கேளாதோர் உண்டா என்று நாம் வாய்திறந்து கேட்டதில்லை.

அதே அக்வினார், நம்பிக்கை என்னும் புண்ணியத்துக்கு எதிரான பாவங்களாக இரண்டைக் காட்டுகின்றார். ஒன்று அவநம்பிக்கை, மற்றொன்று மிகைநம்பிக்கை. மனமாற்றம் இன்றி மன்னிப்பையும், நற்செயல் இன்றி மகிமையையும் எதிர்பார்ப்பது இரண்டாவது. வழியை விட்டுவிட்டு முடிவை மட்டும் கேட்பது என்று இதனை நாம் விளங்கிக்கொள்கின்றோம். நாம் தேடிய பெயர் இங்கே கிடைத்தது. எருதின் கதைக்காக அவரை அழைத்தோம்; கேள்வி எண்ணுக்காக அழைத்திருக்கலாம்.

ஆனால் குற்றத்தைத் தாயின்மேல் ஏற்றுவது இதனினும் கொடிது. அமெரிக்காவின் கான்சாஸ் நகரில் 42 குடும்பங்களை ஆராய்ந்து 1995-இல் வெளியான நூலொன்று, ஏழை வீட்டுக் குழந்தை மிகக் குறைந்த சொற்களையே கேட்டு வளர்கின்றது என்றது. 42 குடும்பங்களைக் கொண்டு ஏழைகள் அனைவரையும் எடைபோடலாமா என்று பிற்காலத்தவர் மறுத்துள்ளனர். நாம் முன்னர்க் குறிப்பிட்ட ஆஸ்திரேலிய ஆய்விலோ, இரண்டு வயதுத் தாமதத்துக்கும் பெற்றோரின் படிப்பு, வருவாய், வளர்ப்பு முறை ஆகியவற்றுக்கும் தொடர்பு காணப்படவில்லை. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் நெசவாளர் குடும்பங்கள் காஞ்சியில் உண்டு. "இரண்டு மொழியால்தான் குழப்பம், வீட்டுமொழியை விடுங்கள்" என்று அவர்களுக்குக் கூறும் அறிவுரைக்கும் ஆய்வில் ஆதாரமில்லை. பாட்டியின் மொழியைப் பறித்தால் குழந்தை பேசிவிடுமோ?

எண்ணிக்கையைவிட மறுமொழியே பெரிது போலும். மாசாச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் நான்கு முதல் ஆறு வயதுவரையுள்ள 36 பிள்ளைகளை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டனர். கேட்ட சொற்களின் தொகையைவிட, பெரியவரும் பிள்ளையும் மாறிமாறிப் பேசிய முறைகளின் தொகையே மூளையின் மொழிப்பகுதியின் இயக்கத்தோடு இணைந்து நின்றது. கோர்வைப் புடவை நெய்வோருக்கு இது புதிதன்று. ஒரு கரையை நெசவாளர் பார்த்துக்கொள்ள, மறுகரையின் நாடாவைத் துணையாள் எறிவார்; இருவர் கையும் ஒத்துச் சென்றால்தான் கரையும் உடலும் பூட்டிக்கொள்ளும். கைப்பேசி எறிந்துகொண்டே இருக்கும், திருப்பி வாங்காது.

பேச்சே மனிதனின் அளவுகோல் என்று நாம் சொல்வதாக எவரும் எண்ணவேண்டாம். கேட்பதால் விசுவாசம் வரும் என்ற பவுலடியாரின் கருத்தைத் தவறாகக் கொண்டு, கேளாதோரை மறைக்கல்விக்குப் புறம்பாக்கிய காலம் ஒன்று இருந்தது. 16-ஆம் நூற்றாண்டில் பேத்ரோ போன்சே என்னும் ஸ்பெயின் நாட்டு ஆசீர்வாதப்பர் சபைத் துறவி, கேளாத பிள்ளைகளுக்கு எழுதவும் பேசவும் கற்றுக்கொடுத்து அத்தவற்றைச் செயலால் மறுத்தார். மாற்கு நற்செய்தியில் ஆண்டவர் அம்மனிதனைக் கூட்டத்தினின்று தனியே அழைத்துச் சென்று, முதலில் காதுகளில் விரலை இடுகின்றார்; பிறகே நாவைத் தொடுகின்றார். திருமுழுக்கில் 'எப்பத்தா' சடங்கின்போது நாமும் செவியைத் தொட்டபின்பே வாயைத் தொடுகின்றோம். இச்சிறுவனுக்குத் திருமுழுக்கு அளித்தவரும் நாமே. நம் விரல் அவன் செவியில் இருந்தது.

அவனுக்கு இப்போது வயது ஏழு. கேட்புக் கருவி அணிந்து சிறப்புப் பள்ளிக்குச் செல்கின்றான். சில சொற்களை வாயாலும் மிகப் பலவற்றைக் கையாலும் பேசுகின்றான். தாய் நம்மை ஒருநாளும் குறை கூறியதில்லை. "நீங்க சொன்னதால அந்த ரெண்டு வருசமும் நிம்மதியா இருந்தேன் சாமி" என்று மட்டும் ஒருமுறை சொன்னார்.

இவ்வாண்டு அவருக்கு ஒரு பெண்குழந்தை பிறந்தது. திருமுழுக்குக்குப் பெயர் பதியப் பங்கு இல்லத்துக்கு வந்தார். பிறப்புச் சான்றிதழைக் கேட்டோம். அதை எடுத்து மேசைமீது வைத்தார். அதன்மேல், மருத்துவமனையில் தந்த செவிப் பரிசோதனைத் தாளையும் மடிப்பு நீக்கி வைத்தார். அதனை நாம் கேட்கவில்லை.