ஹ்ருதயமும் ஒரு கணக்கும்



எம்பெருமானுக்குப் பரம், வியூகம், விபவம், அந்தர்யாமித்வம், அர்ச்சை என ஐந்து நிலைகளைப் பெரியோர் அருளிச்செய்வர். உத்ஸவத்திலே அர்ச்சையைச் சேவிக்க வந்த நாம், அந்தர்யாமியாய் அவன் எழுந்தருளியிருக்கும் ஹ்ருதயத்தையும் சிறிது சிந்திப்போம். (மார்பிலே துடிக்கும் சதையும் ஹ்ருதய கமலமும் ஒன்றேயோ என வித்வான்கள் கேட்கக்கூடும், அவ்விசாரம் இப்போது வேண்டா.)

உண்ட அன்னம் ஈரலில் இரத்தமாகி அவயவங்களிலே செலவழிந்துவிடுகிறது என்பதே, காலென் என்னும் யவன வைத்தியர் காலந்தொட்டு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஐரோப்பியர் கொள்கை. இங்கிலாந்து தேசத்து வைத்தியர் வில்லியம் ஹார்வி 1628-இல் வெளியிட்ட நூலில், துடிப்புக்கு அரை அவுன்ஸ் என்று குறைத்தே மதிப்பிட்டுப் பார்த்தார். அரை மணியில் 1,000 துடிப்பு; ஆக 500 அவுன்ஸ். உடல் முழுவதிலும் அவ்வளவு இரத்தம் இல்லையே! எவ்வளவு உண்டாலும் இத்தனையை ஈரல் ஆக்கித் தருமோ? ஆகையால் போன இரத்தமே திரும்பி வருகிறது என்று துணிந்தார். திரும்பும் நுண்வழியை அவர் கண்ணால் கண்டாரில்லை. அவர் 1657-இல் மறைந்தபின், 1661-இல் மால்பீகி என்பவரே தவளையின் நுரையீரலில் அதனைக் கண்டார்.

இக்காலக் கணக்கில் துடிப்புக்குச் சுமார் 70 மில்லி லிட்டர். நிமிஷத்துக்கு 72 துடிப்பாக ஏறத்தாழ 5 லிட்டர். நாளொன்றுக்கு 7,200 லிட்டர். எழுபது பிராயத்தில் 18 கோடி லிட்டருக்கும் மேல். உடலிலுள்ள இரத்தமோ மொத்தமே 5 லிட்டர் அளவுதான்!

அடியேனை உருக்கியது வேறொன்று. தன் அறைகளில் நிறைந்த இரத்தத்தை ஹ்ருதயம் அப்படியே பருகிவிடுவதில்லை. பெருந்தமனியில் செலுத்தியபின், அதினின்று பிரியும் சிறு குழல்கள் வழியே இருபதில் ஒரு பங்கு அதற்கு வருகிறது. அதுவும் பெரும்பாலும் இரு துடிப்புகளுக்கு இடையே அது தளர்ந்திருக்கும் வேளையில். ததீயாராதனத்தில் பரிமாறுகிறவர், கையிலுள்ள பாத்திரத்திலிருந்தே அள்ளி உண்பாரோ? தமக்கு இலை போட்டபோதன்றோ பெறுவார்! அந்தக் குழல் அடைபட்டால், உள்ளே இரத்தம் நிறைந்திருக்கவே சதை பட்டினியால் மடிகிறது. மாரடைப்பு என்பது இதுவே.

படியேறிச் சேவிக்கும் திவ்யதேசங்களில் அந்த 5 லிட்டர் 10, 15 என்று உயரும். மார்பு இறுகினால், மூச்சு முட்டினால், கோஷ்டியை விட்டுப் பின்தங்குகிறோமே என்று கூசவேண்டா. சேவிக்க வந்தவன் உள்ளேயும் இருக்கிறான். அந்தப் படியிலேயே உட்கார்ந்து, அருகிலிருப்பவரிடம் சொல்லி உடனே வைத்தியரை அழைக்கச் செய்யுங்கள்.