சூடும் அளவையும்

திண்டிவனம் வட்டாரம் நிலக்கடலைக்குப் பேர்போனது. இங்குள்ள ஆராய்ச்சி நிலையம் தந்த ‘டி.எம்.வி.’ ரகங்கள் ஊர்ப் பெயரையே தாங்கியுள்ளன. எண்ணெய் விற்போரும் வாங்குவோரும் மிகுந்த நம் பகுதியில் ஒரு மஸ்அலாவைச் சிந்திப்பது பொருத்தமாகும்.

எண்ணெய் சூடேறினால் விரியும். லிட்டர் அதேதான், எடையோ குறைந்துவிடும். ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரி செல்சியஸில் 919 கிராம். 60 டிகிரியில் 892.6 கிராம். சில கம்பெனிகள் 60 டிகிரி வரை குறிப்பிட்டு லிட்டர் கணக்கில் விற்று வந்தன. ஆகவே 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் விவகாரத்துறை, வெப்பநிலையை விட்டு, லிட்டரோடு எடையையும் அச்சிடும்படி கூறி, 2023 ஜனவரி 15 வரை அவகாசம் அளித்தது.

“எழுதியது பொய்யில்லையே, குற்றமென்ன?” என்று சிலர் கேட்கலாம். நனைந்த தானியத்தை அடியில் மறைத்து, உலர்ந்ததை மேலே காட்டிய வியாபாரியை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். மேலிருந்ததும் உண்மையான தானியம்தான்! வாங்குபவர் அறியாததைத் தன் லாபமாக்கியதே மோசடி.

சித்திரை வெயிலில் கடைக்காரர் அளக்கும் லிட்டரிலும் சில கிராம் குறையத்தான் செய்யும். அது யாரும் வேண்டுமென்று செய்ததன்று. தவிர்க்க இயலாத இத்தகைய சிறு வேறுபாட்டை மார்க்கம் பொறுத்துக்கொள்கிறது. குறையட்டும் என்றே சூட்டைத் தேர்ந்தெடுப்பதுதான் ‘முதஃப்பிஃபீன்’ அத்தியாயம் எச்சரிக்கும் குறைவு. இயன்றவர் நிறுத்தே விற்கட்டும், நிறுத்தே வாங்கட்டும். சூட்டினால் எடை மாறாது.

சிலகிராம் லாபத்திற்காக பரக்கத்தை இழக்காதிருக்க அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.